தூக்கின கைக்கு முதல் வாய்

அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கரடித்தோல் போர்த்திய எங்கள் கம்பெனி மேனேஜர் துரை. சூனியக்காரியின் கூர்தொப்பி வைத்த அவருடைய மெம். பாங்கிலிருந்தும் கப்பல் ஆபீசிலிருந்தும் முகமூடி போட்டு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு பதினெட்டுப் பேர். உச்சியிலிருந்து வெள்ளைத் துணி போர்த்திய பேய்கள் நான்கு. மேசையில் இல்லாதவர், மேசை நடுவில் இருந்த ஐந்தடுக்குக் கடல்பாசி இனிப்பைச் செய்தவர். அவர் சமையல்கட்டுப் பக்கம், முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, குடையைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த கதவில் நான் நின்றேன். இரண்டு பக்கத்துப் பேச்சும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பினாங்கு சூலியா தெருவுக்குப் பின்னால் எங்கள் சந்தில் எல்லோருக்கும் அவர் ராத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிற நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நாற்பது வயதிருக்கும். புருஷன் இருந்தாரா, எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று நான் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு, “கடல்பாசி எந்தக் கடல்லேர்ந்து வந்துச்சுன்னு கேட்டுட்டா திங்கறீங்க?” என்பார்.

பினாங்கில் கடல்பாசி காய்ச்சத் தெரியாத முஸ்லிம் வீடு இல்லை. ஆனால் ஏழு நிறம் அடுக்கி, ஒரு நிறம் இன்னொன்றில் கசியாமல், வெட்டினால் அடுக்கு பிரிந்து வழுக்காமல் செய்ய ராத்தா ஒருவரால்தான் முடிந்தது. கல்யாணம், கத்னா என்கிற சுன்னத்து, பேர் சூட்டு என்று எங்கே விருந்து நடந்தாலும் அவருக்கு ஆள் வரும். வந்தவரிடம் சீனி எவ்வளவு, தேங்காய் எவ்வளவு என்று பேசுவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை சொல்வார். “தூக்கிட்டு வர்றவங்கள மொத சஹன்ல உக்கார வைக்கணும். சம்மதமா?”

பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து சேர்ந்து உண்பது அவர்கள் வழக்கம். அந்தத் தட்டுக்குத்தான் சஹன் என்று பேர். முதல் சஹனில் மாப்பிள்ளையும், லெப்பையும், ஊர்ப் பெரிய மனிதர்களும் உட்காருவார்கள். அங்கே ராத்தா தன் கூலியாட்களை உட்கார வைக்கச் சொல்வார். தூக்குகிறவர்களோ பெரும்பாலும் சுங்கை பினாங்கிலிருந்து வரும் இந்து ஆட்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். கேட்கிற வீட்டுக்காரர் “சரி சரி” என்று தலையாட்டுவார். விருந்து நாள் வந்ததும் மறந்துவிடுவார்.

ஒரு ஜவுளி வியாபாரி வீட்டுக் கல்யாணத்தில் அப்படி மறந்தார்கள். ராத்தா தாம்பாளத்தின் மூடியைத் திறக்கவில்லை. கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வியாபாரி நயமாகத்தான் சொன்னார்: “பின்கட்டுல இடம் போட்டிருக்கு ராத்தா. அவங்களுக்கு அப்புறம் கொடுத்துக்கலாம்லா.”

“அப்புறம்னா எப்ப முதலாளி? ஒலகம் அழியற கியாமத்து நாளைக்கு அப்புறமா?”

சிரிப்பு எழுந்தது. சிரிப்பு எழுந்த பிறகு அந்த மனிதரால் வேறு என்ன செய்ய முடியும்? நான்கு மூட்டை தூக்கிகளும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். முதல் துண்டு அவர்களுக்குப் போனது.

எங்கிருந்து இந்தப் பிடிவாதம் வந்தது என்று ஒருநாள் கேட்டேன். “ஒரு தாம்பாளம் நெறைய இனிப்பத் தலையில வச்சுக்கிட்டு வெயில்ல ஒரு மைல் நட தம்பி. வாசன மூக்கு வழியா ஏறி நாக்குல நிக்கும். எறக்கி வச்சதும், ‘போ, பின்னாடி போய் நில்லு’ம்பான். அப்பக் கேளு எங்கேர்ந்து வந்துச்சுன்னு.”

நடந்தும் பார்த்தேன். ஒரு விருந்துக்கு நாலாவது ஆள் வராமல் போகவே, தாம்பாளப் பலகையின் ஒரு மூலையை நான் பிடித்தேன். அப்போது ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம். போய் இறக்கியதும் ஜமுக்காளத்தில் மற்ற மூவரோடு உட்காரச் சொன்னார். எனக்குக் கூச்சம். சட்டையில் வியர்வை, அதைவிட, அங்கே எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா வேறு உட்கார்ந்திருந்தார். “எனக்குப் பசியில்ல ராத்தா,” என்றேன்.

“ஏன், இங்கிலீஷ் படிச்சா பசிக்காதா?”

எல்லோர் காதிலும் விழும்படிதான் கேட்டார். உட்கார்ந்தேன். என் அப்பா இருபது வருஷம் மூட்டை சுமந்து முதுகெலும்பு விலகிக் கிடப்பவர். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அந்தக் கையால்தான் அந்த சஹனில் முதல் வாய் எடுத்துச் சாப்பிட்டேன்.

அவரை நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. டத்தோ கிராமாட்டில் ஒரு வீட்டில் குழந்தையின் பிறந்தநாள். வீட்டுக்காரர், தூக்கி வந்தவர்களை முற்றத்து மாமரத்தடியில் உட்காரச் சொன்னார். ராத்தா உடனே தாம்பாளத்தைத் திருப்பித் தூக்கச் சொன்னார். வாசலில் பிள்ளைகள் கூட்டம். நிறம் நிறமாக உள்ளே வந்தது அப்படியே வெளியே போவதைப் பார்த்து அந்தப் பிறந்தநாள் பிள்ளை வாய்விட்டு அழுதது. திரும்பும் வழியில், “பிள்ளைங்க என்ன செஞ்சுச்சுங்க ராத்தா?” என்று கேட்டேன். “அதுங்க அப்பன்கிட்ட கேக்கட்டும்,” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். அந்த அழுகை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. அவருடைய தங்கை அவரோடுதான் இருந்தார். “ஒன் வீம்புக்கு யாரு சோறு போடறது?” என்று அந்தத் தங்கை கத்துவது வாரம் ஒருமுறை எங்கள் மாடிக்குக் கேட்கும்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் வந்தது. எங்கள் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் ஒரே வாரத்தில் நாற்பது ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆபீசில் ஏழு குமாஸ்தாக்களில் மூன்று பேருக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. அப்பா, அம்மா, மூன்று தங்கைகள் எல்லோருடைய சோறும் என் மாதச் சம்பளம் முப்பத்திரண்டு வெள்ளியில் இருந்தது. துரையின் காலடிச் சத்தம் மாடிப்படியில் கேட்டால் என் பேனா நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில்தான் மெம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தலைமைக் குமாஸ்தா மகள் கல்யாணத்தில் அந்த அம்மாள் ராத்தாவின் கடல்பாசியைச் சாப்பிட்டிருக்கிறார். அவர்கள் நாட்டில் அக்டோபர் கடைசி நாளில் செத்தவர்கள் எழுந்து வீடுகளுக்கு வருவார்களாம். அன்றைக்குப் பேய் வேஷம் போட்டு விருந்து. அதற்கு அடுக்கடுக்காக, பார்த்தாலே நடுங்கும்படி ஒரு கடல்பாசி வேண்டும். தாளில் படம் வரைந்து, குழந்தையைக் குளிப்பாட்டலாம் போலிருந்த ஒரு கண்ணாடித் தொட்டியையும் கொடுத்தார். கூலி பன்னிரண்டு வெள்ளி.

படத்தை ராத்தாவிடம் காட்டினேன். “பயமா இருக்கணுமாம்.”

“எது?”

“கடல்பாசி.”

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. “திங்கறதக் கண்டா பயப்படுவாங்க? திங்க இல்லாததக் கண்டுல்ல பயப்படணும்! சரி சொல்லு. பயத்துக்கு என்ன நெறம்?”

“அடியில கறுப்புன்னு போட்டிருக்காங்க.”

“கறுப்பா? ஒன் நெறம் என்ன, என் நெறம் என்ன? நம்மளப் பாத்தா நாமளே பயந்துக்கிறோம்?”

“பேய் மட்டும் வெள்ளை.”

“அது சரி,” என்றார். “அத நானும் பாத்திருக்கேன்.”

நிபந்தனையைச் சொன்னார். “தூக்கிட்டு வர்றவங்கள மொத உக்கார வைக்கணும்னு அந்த அம்மாகிட்ட சொல்லிட்டியா?” நான், “அங்க போய்ச் சொல்லிக்கலாம் ராத்தா,” என்றேன். சொல்லும் தைரியம் எனக்கு இல்லை என்பதுதான் உண்மை. அவர் பாசியை ஊறவைக்கப் போய்விட்டார்.

விருந்து நாளன்று அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டினார். எரித்த தேங்காய் நாரின் கரியை மஸ்லின் துணியில் மூன்று தடவை வடித்துக் கறுப்பு. அதன்மேல் சர்பத் சிவப்பு. பிறகு குலா மலாக்கா என்கிற தென்னங்கருப்பட்டி கரைத்த பழுப்பு, தேங்காய்ப்பால் வெள்ளை. ஒன்று உறைந்து இன்னொன்றை ஊற்றும் நேரத்தில்தான் அவருடைய வித்தை முழுவதும். முந்தினால் நிறம் கலந்துவிடும். பிந்தினால் இரண்டும் ஒட்டாமல் நழுவும். விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பார். “மேல தோல் கட்டியிருக்கணும், உள்ள நடுங்கிட்டிருக்கணும். இப்ப ஊத்து!” கடைசி அடுக்கு நிறமே இல்லாமல் கண்ணாடி போல. அது பாதி உறைந்ததும், இளநீர் வழுக்கையில் வெட்டிய பேய்களை, எள்ளைக் கண்ணாக வைத்து, ஒவ்வொன்றாக உள்ளே நட்டார். அவை மூழ்கவுமில்லை, மிதக்கவுமில்லை. தொட்டியை அசைத்தால் எல்லாப் பேயும் சேர்ந்து மெல்ல ஆடின. அத்தனை சிரித்த மனுஷி அதைச் செய்து முடித்தபோது எனக்கு நிஜமாகவே முதுகு சிலிர்த்தது.

தூக்க வந்தவர்களைப் பார்த்ததும் வேறு விதமாகச் சிலிர்த்தது. சாமிக்கண்ணு அண்ணனும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும். நான்கு பேரும் எங்கள் கிட்டங்கியில் நிறுத்தப்பட்டவர்கள்.

“ராத்தா, துரை இவங்களப் பாத்துட்டா...”

“பாக்கட்டும். நாப்பது பேர நிறுத்துன மனுஷனுக்கு நாலு மூஞ்சி ஞாபகம் இருக்குமா?”

“என்னைய ஞாபகம் இருக்குமே.”

“அதுக்குத்தானே ஒனக்குச் சம்பளம் கொடுக்கறாரு,” என்றார் சாமிக்கண்ணு அண்ணன், தோள் துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டே. மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் பத்து நாளாக ஒருவேளைக் கஞ்சியோடு இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

பலகையில் தொட்டியை வைத்து, நான்கு பெரிய வெள்ளை ஈரத் துணிகளைச் சுற்றி, கடற்கரை ஓரத்துத் துரை பங்களாவரை நடந்தார்கள். ராத்தா குடையைத் தொட்டிக்குப் பிடித்துக்கொண்டு வெயிலில் வந்தார். பின்வாசலில் இறக்கும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

மெம் ஓடி வந்து பார்த்தார். கைதட்டினார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சந்தோஷம். ராத்தா என் முழங்கையை இடித்தார். “சொல்லு.”

சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. மெம் கோபப்படவில்லை. நான் வேடிக்கை பேசியதாக நினைத்து, ஒரு பதில் சொல்லி, என் தோளைத் தட்டிச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

“என்னாங்கறாங்க?”

“இன்னைக்கு இந்த மேசையில பேய்ங்க மட்டும்தான் உக்காருமாம்.”

“அப்படியா சொன்னாங்க? அவுங்க வாயாலயா?”

“ஆமா ராத்தா.”

“அப்ப சரி.” தொட்டியைச் சுற்றியிருந்த நான்கு துணிகளையும் உருவி, பிழிந்து உதறினார். “சாமிக்கண்ணு, இங்க வா. தலையக் காட்டு.”

அவர் என்ன செய்கிறார் என்று புரிந்தபோது துணியில் கண்ணுக்கு ஓட்டை போட்டாகிவிட்டது. “ஈரக் கோடித்துணி. குளிப்பாட்டுற செலவு மிச்சம்,” என்றார் துணிக்குள்ளிருந்து சாமிக்கண்ணு அண்ணன். வேஷம் போட்ட விருந்தாளிகள் முன்வாசலில் வந்து இறங்குவது தெரிந்தது. எல்லோர் காலிலும் பளபளக்கும் பூட்ஸ். நம் ஆட்கள் காலைப் பார்த்தேன். வெடித்த குதிகால், உப்புத்தண்ணீர் அரித்த விரல்கள்.

“கால் காட்டிக் கொடுத்துடும் ராத்தா,” என்றேன். தடுக்க நினைத்துத்தான் சொன்னேன். வழி சொன்னது போல ஆகிவிட்டது. பங்களாவின் சமையல்காரர், ஹைனான் சீனர், இதையெல்லாம் சுருட்டுப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி மகனையும் அந்த மாதம்தான் கம்பெனி நிறுத்தியிருந்தது. பின் வராந்தாவில் மெருகு போட வரிசையாக வைத்திருந்த துரையின் காலணிகளைச் சுருட்டால் காட்டி, “பாக்காய் லா,” என்றார். போட்டுக்கொள் என்று.

“பேய்க்குத்தான் காலே கிடையாதே, எதுக்கு ஜோடு?” என்றார் அண்ணன்.

“வெள்ளக்காரப் பேய்க்கு உண்டாம்டா. போடு,” என்றார் ராத்தா.

கயிறு கட்டத் தெரியவில்லை அவர்களுக்கு. குனிந்தால் துணி விழுகிறது. ராத்தா என்னைப் பார்த்தார். கட்டச் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். நான் கட்டினால் இந்த வேலையில் என் கையும் இருக்கும். முப்பத்திரண்டு வெள்ளி, அப்பாவின் தைலம், மூன்று தங்கைகள், எல்லாம் ஞாபகம் வந்தது. மண்டியிட்டேன். எட்டுக் காலுக்கும் கயிறு கட்டினேன். அப்பாவின் காலைப் போலத்தான் இருந்தது ஒவ்வொன்றும்.

நான்கு பேய்களும் பக்க வராந்தா வழியாக உள்ளே போயின. சத்தம், கைதட்டல், கிராமபோன் பாட்டு. நான் கதவில் நின்று பார்த்தேன். மெம் எழுந்து, செத்தவர்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கே முதல் மரியாதை என்று சொல்லி, தொட்டியில் கரண்டியை இறக்கினார். ஐந்து நிறமும் குலையாமல் வந்தன. முதல் நான்கு தட்டும் அந்த நான்கு பேருக்கு. பேய்கள் கரண்டியைத் தொடவில்லை. தட்டைத் துணிக்குள் இழுத்துக்கொண்டன. யார் யார் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு தொடங்கியது. “நீங்கள் பாங்க் மேனேஜர்தானே?” என்று ஒரு சீமாட்டி கேட்க, சாமிக்கண்ணு அண்ணன் மெல்லுவதை நிறுத்தாமல் ஆமாம் என்று தலையாட்டினார். மேசையே சிரிப்பில் குலுங்கியது.

“உக்காந்துட்டாங்களா?” கதவுக்குப் பின்னாலிருந்து ராத்தா.

“உக்காந்துட்டாங்க.”

“வாயில வச்சுட்டாங்களா?”

“வச்சுட்டாங்க.”

“நல்லாருக்காமா?”

அண்ணன் இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினார். அதைச் சொன்னேன். ராத்தா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அப்போது துரை பாட்டில் எடுப்பதற்காகப் பக்க வராந்தாவுக்குப் போனார். நிலைப்படியில் கால் தடுக்கியது. குனிந்து பார்த்தார். எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. நம் ஆட்கள் பிறர் வீட்டுக்குள் நுழைகிறார்கள். அதுவும் சாப்பிட உட்காரப் போகிறார்கள். காலில் இருப்பதைக் கழற்றாமல் எப்படி நுழைவார்கள்? நான் இறுக்கிக் கட்டிய கயிறுகளை எப்படியோ அவிழ்த்து, துரையின் நான்கு ஜோடிக் காலணிகளையும் வாசலில் ஒழுங்காக, ஓரமாக, ஜோடி ஜோடியாக விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

துரை தன் காலணிகளை அடையாளம் கண்டுகொண்டார். மேசைக்குத் திரும்பி வந்து விரிப்பை ஓரமாகத் தூக்கினார்; கீழே எட்டு வெறுங்கால்கள். கிராமபோனை யாரோ நிறுத்தினார்கள்.

“இது யார்?” என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ராத்தா கதவைத் தாண்டாமலே சொன்னார்: “தூக்கிட்டு வந்தவங்க. சாப்பிட்டுட்டாங்க. இனிமே நீங்க சாப்பிடலாம்னு சொல்லு தம்பி.”

அதை இங்கிலீஷில் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எப்போதும் கடைசியில் சேர்க்கும் ‘சார்’ அன்று வரவில்லை.

“என் காலணியை இவர்களுக்குப் போட்டுவிட்டது யார்?”

சமையல்காரர் சுருட்டை மறைத்தார். ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஏதோ சொல்ல வந்தார். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். “நான்தான். கயிறு கட்டியதும் நான்தான்.”

நாளைக்கு ஆபீசுக்கு வர வேண்டாம் என்றார் துரை. குரலை உயர்த்தக்கூட இல்லை. மெம் கூர்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கையில் கரண்டியோடு அப்படியே இருந்தார். அவர் யாரை வெறித்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. சாமிக்கண்ணு அண்ணன் அவசரப்படவில்லை. தட்டில் மீந்திருந்த வெள்ளை அடுக்கை வழித்து வாயில் போட்டு, விரலை நக்கி, துணியைத் தலையிலிருந்து எடுத்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் முகத்தைப் பார்த்த துரைக்கு அது யாரென்று தெரியவில்லை. ராத்தா சொன்னது சரி.

ரோட்டுக்கு வந்ததும் ராத்தா என்னிடம் வருத்தம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “நீ இன்னும் சாப்பிடலையே,” என்றார். குடையை விரித்து, வெயிலே இல்லாத அந்த இருட்டில் எனக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். அதை வேண்டாம் என்று தள்ள எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்பா படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நாற்காலியிலயா உக்காந்தாங்க?” என்று மட்டும் கேட்டார்.

ஆமாம், நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். ராத்தாவுக்குப் பேசிய பன்னிரண்டு வெள்ளி வரவில்லை. என் அந்த மாதச் சம்பளம் முப்பத்திரண்டு வெள்ளியையும் காலணிகள் கெட்டுப்போனதற்கு ஈடாகப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு பேர் அந்த மேசையில் உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட்டதற்கு எங்களுக்கு ஆன செலவு மொத்தம் நாற்பத்து நான்கு வெள்ளி. ஆளுக்குப் பதினொன்று.